ஆசானற்ற பள்ளியன்று, ஆண்டானற்ற பள்ளி!

அராஜகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண் முன் எழும் காட்சி எது? எரியும் கடைகள், உடைந்த கதவுகள், அகதிக் கப்பல்கள். 1958இலும் 1977இலும் 1983இலும் நாம் கண்டவற்றுக்கெல்லாம் அச்சொல்லையே பெயராக இட்டு வந்திருக்கின்றோம். ஆதலின், பேராதனையைச் சூழ்ந்த பகுதியில் அரசிலாக் கொள்கையை அடியொற்றிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி அமைக்கவேண்டும் என்று நண்பர் சிலர் கூடிப் பேசினர் என்ற செய்தி பரவியதும், பெரியோர் பலர் திடுக்கிட்டதில் வியப்பில்லை. "பிள்ளைகளுக்கு அராஜகம் படிப்பிக்கப் போகின்றீர்களா?" என்று எம்மையும் கேட்டனர். கேட்டவர்களுள் வைத்தியர் உண்டு, பொறியியலாளர் உண்டு, ஓய்வுபெற்ற அதிபர்களும் உண்டு.

அவர்களை நாம் திருப்பிக் கேட்கின்றோம். 1983 ஆடி மாதத்தில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் அரசிலாக் கொள்கையினரா? இடாப்பு எங்கிருந்து வந்தது? பல இலட்சம் தொழிலாள மக்களின் குடியுரிமையை 1948இல் ஒரு சட்டத்தால் துடைத்தெறிந்தவர்கள் தெருக் கலகக்காரரா? அடுத்த ஆண்டே அவர்தம் வாக்குரிமையையும் பறித்தவர்கள் யார்? வெள்ளை வேட்டி அணிந்து, பாராளுமன்றத்தில் அமர்ந்து, ஒழுங்கு முறைப்படி கையுயர்த்திச் செய்தார்கள். நம் இனம் பட்ட பெருந்துன்பங்களிற் பெரும்பாலன அரசு இல்லாமையால் வந்தவை அல்ல. இதனை அறிந்த நாமே அச்சொல்லைக் கேட்டு நடுங்குவது விந்தையிலும் விந்தை.

அரசிலாக் கொள்கையென்பது யாது? அச்சத்தால் பணிவிப்பதும், பணிந்தவனைப் பரிசால் மயக்குவதும் மனிதரை ஆக்கும் வழியல்ல. ஒரு காரியத்திற் பங்குகொள்வோர் தாமே கூடி அதன் விதியை வகுத்துக்கொள்ளல் வேண்டும். மூளைக்கு ஒரு சாதி, கைக்கு ஒரு சாதி என்று பிரித்தல் ஆகாது. இவ்வளவே. இக்கொள்கையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால், பிரம்பு வெளியே போகும். முதலாம் பிள்ளை, கடைசிப் பிள்ளை என்ற வரிசை போகும். வகுப்பின் ஒழுங்கைப் பிள்ளைகளும் ஆசிரியரும் ஒரு பாயில் இருந்து பேசித் தீர்மானிப்பர். ஆசிரியர் இருப்பார். ஆண்டான் இரான்.

இஃது அந்நியச் சரக்கு என்பாரும் உளர். சென்னையிலே 1887இல் பிறந்து, பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையை நடத்தத் துணைநின்று, பின் ஐரோப்பாவெங்கும் அலைந்து, இறுதிக் காலம்வரை அரசிலாக் கொள்கையை எழுதி எழுதியே 1954இல் பம்பாயில் வறுமையில் மறைந்த எம். பி. தி. ஆசார்யா தமிழ் மண்ணின் மகன் அல்லரோ? 1916இல் காசியில், மன்னர்களும் பிரபுக்களும் நிறைந்த சபையிலே, தாமும் ஒரு அராஜகவாதியே, ஆனால் வேறு வகையினர் என்று காந்தியடிகள் கூறியபோது அச்சபை கலைந்ததை வாசகர் அறிவர். சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று பார்ப்பதைவிட, அது நமக்கு உதவுமா என்று பார்த்தலே அறிவுடைமை. தேயிலையும் இங்கு பிறந்ததன்று.

நம் பிள்ளைகளையே கொண்டு இம்முறை ஒருகால் சோதிக்கப்பட்டதுண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க வாசகர் பொறுத்தருள்வாராக.

ரஷ்யப் பிரபுவான டால்ஸ்டாய் 1859இல் தம் கிராமமாகிய யாஸ்னயா பொலியானாவில் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பிள்ளைகள் விரும்பிய இடத்தில் இருந்தனர், விரும்பியபோது எழுந்து சென்றனர், வீட்டுப்பாடம் என்பதே அங்கில்லை. 1862இல் பொலிசார் வந்து அவர் இல்லத்தைத் துருவிச் சோதனையிட்டனர். பிள்ளைகள் அச்சமின்றிப் படிக்கும் செய்தி ஆள்வோருக்கு எப்போதும் ஒரு சதிபோலவே தோன்றுகிறது. அந்த டால்ஸ்டாயின் பெயரால் 1910இல் தென்னாபிரிக்காவில், யோகனஸ்பேர்க்கு நகருக்கு அப்பால், கலன்பாக் என்ற நண்பர் கொடுத்துதவிய ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் ஒரு பண்ணை அமைத்தார். சத்தியாக்கிரகிகள் சிறை செல்ல, அவர்தம் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. சிறை சென்றவர்களுள் தமிழர் எத்துணைப் பெரும்பங்கினர் என்பது சரித்திரம். எனவே பண்ணையில் வளர்ந்த இருபது முப்பது பிள்ளைகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் பலர்.

அவர்களுக்குப் பள்ளி எப்படி நடந்தது? காலையில் எல்லோரும் வேலை: மண் வெட்டல், மரம் நடல், சமைத்தல், கழிவகற்றல். ஆசிரியர் தாம் செய்யாததைப் பிள்ளையைச் செய்யச் சொல்வதில்லை என்பது விதி. கலன்பாக் துறவிமடம் ஒன்றிற் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். காந்தியடிகளிடம் பிள்ளைகள் கற்றனர். பிற்பகலில் படிப்பு. உழைத்த களைப்பால் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே தூங்கி விழுந்தனர் என்றும், கண்ணிலே நீர் தெளித்துக்கொண்டு பாடம் நடத்தியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். தமிழ் கற்பித்தவரும் அவரே! போப் ஐயர் எழுதிய தமிழ்க் கைந்நூலுக்கு அப்பால் அவருடைய தமிழ் சென்றதில்லை. ஆனால் அப்பிள்ளைகளோ அந்நாட்டிற் பிறந்து தாய்மொழியின் எழுத்தையே அறியாதவர்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரு குஜராத்தியர், தமிழ்ப் பிள்ளைக்கு அகரம் எழுதிக் காட்டினார். நமது பாடசாலைகளில் "எனக்குத் தெரியாது" என்று மாணவன் முன் சொல்லக்கூடிய ஆசிரியர் எத்தனை பேர்?

அங்கேயும் பிரம்பு ஒருமுறை உயர்ந்தது. அடங்காத இளைஞன் ஒருவனை, பொறுமை இழந்த காந்தியடிகள் அடிமட்டத்தால் கையில் அடித்தார். அடிக்கும்போதே அவருடல் நடுங்கியது. பையன் திருப்பி அடிக்கும் வலிமையுள்ளவன். எனினும் அழுது மன்னிப்புக் கேட்டான். அந்த அடி தம்முள் இருந்த விலங்கையே வெளிப்படுத்தியது என்று பின்னர் அவர் வருந்தினார். அதன்பின் அவர் எந்த மாணவனையும் அடிக்கவில்லை. இங்கே 2005ஆம் ஆண்டிலேயே கல்வியமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் அடித்தலைத் தடைசெய்துவிட்டது. சுற்றறிக்கை கோப்பில் இருக்கிறது. பிரம்பு மேசையில் இருக்கிறது. "அடியாத மாடு படியாது" என்று பெற்றாரே ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுக்கும் நாட்டில், மாட்டையும் மகனையும் ஒரே கயிற்றிற் கட்டுகின்றோம் என்ற நாணமும் இல்லை.

ஆயினும் டால்ஸ்டாய்ப் பண்ணையை நாம் பூப்போட்டு வணங்க வரவில்லை. பண்ணைச் சிறுமியர் இருவரை இளைஞர் சிலர் கேலி செய்தபோது, முதலில் மறுத்த அவர்களை வற்புறுத்தி இணங்கச் செய்து, அவர்களுடைய நீண்ட கூந்தலைக் காந்தியடிகளே கத்தரித்தார். குற்றம் செய்தவன் ஒருவன், கூந்தலிழந்தவள் இன்னொருத்தி! அங்கே அவர் தந்தையாக மட்டும் நிற்கவில்லை, அரசராகவே நின்றார். பிள்ளைகளின் சபையொன்று அப்பண்ணையில் இருந்திருப்பின், அச்சிறுமியர் எழுந்து தம் வழக்கைத் தாமே சொல்லியிருப்பர். மிக நல்லவர் ஒருவர் கையிலே எல்லா அதிகாரமும் இருந்தாலும் கூந்தல் போகும் என்பதே நாம் அதிற் கண்ட பாடம்.

பேராதனைக்கு வருவோம்.

மகாவலியின் கரையில் 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து வந்து குடியேறியது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் கட்டிய அந்த எழிலைப் புகழாத தமிழ்ப் பட்டதாரி இல்லை. தமிழின் தலைசிறந்த பேராசிரியர்கள் அங்கே நடமாடினர் என்று நாமும் பெருமை கொள்கின்றோம். அப்பெருமையோடு, மண்டபங்களின் பின்னே எழும் ஹந்தானை மலையையும் சற்று நிமிர்ந்து பார்த்தல் வேண்டும். அங்கும், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்திலும், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதற்றேயிலை நட்ட லூல்கந்துரையிலும் இருப்பவர் யார்? லயத்துக் காம்பராவில் பிறந்து, கொழுந்துக்கூடையின் நிழலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள். பல்கலைக்கழகத்துக்கும் அந்த லயங்களுக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல். நடந்தே போகலாம். நம்மிற் பலர் நடந்ததில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு நாடு கொடுத்த பள்ளியின் வரலாறு என்ன? தோட்டத் துரைமார் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கவேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. சட்டத்துக்கு அஞ்சி ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. ஒரே ஓர் ஆசிரியர்; ஐந்து வகுப்பும் ஒரே அறையில்; எண்ணும் எழுத்தும் கொஞ்சம். கொழுந்து பறிக்கும் வயது வந்ததும் பள்ளி முடிந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் கொண்டாடப்பட்டபோதும் தோட்டப் பள்ளிகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அரசாங்கம் அவற்றை முறையாக ஏற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டளவிலேதான். ஒரு தலைமுறைக்கு மேலாக, இலவசக் கல்வியின் நாட்டிலே ஒரு மக்கட் கூட்டம் அதன் வாசலில் நின்றது. ஆண்டான் ஒருவனின் கையிற் பள்ளி இருந்தால், தனக்குத் தேவையான அளவு மனிதரையே அவன் ஆக்குவான். தோட்டத்துரைக்கு வேண்டியது பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் வந்து நிற்கும் ஆள். அதற்கு மேற்பட்ட கல்வி அவனுக்கு வீண் செலவு.

இன்று கொட்டகைகள் கட்டடங்களாயின, ஆசிரியர் தொகை பெருகியது, தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகமும் புகுகின்றனர். அதனை மறுப்பவர் நன்றி கெட்டவர். ஆனால் ஆண்டான் ஒழிந்தானா? துரையின் இடத்திலே பரீட்சை வந்து அமர்ந்திருக்கிறது. பத்து வயதுக் குழந்தையை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகச் சனியும் ஞாயிறும் பிரத்தியேக வகுப்புகளில் அடைக்கின்றோம். வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்த பிள்ளையை வீட்டிலே பேசாத பேச்செல்லாம் பேசுகின்றோம். பத்து வயதிலே தோற்றவன் என்ற முத்திரை! இப்பேயாட்டத்தை ஒழுங்கு என்கின்றோம். இதற்கு மாற்றுச் சொல்பவனை அராஜகன் என்கின்றோம்.

இனி, சட்டம் நமக்குச் செய்திருக்கும் விசித்திரத்தைக் கேளுங்கள். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மிஷன்களின் தனிச் சலுகையை ஒழித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நியாயம் செய்வதே நோக்கம் என்றனர்; அந்நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தில், ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை எவரும் தொடங்கலாகாது என்ற தடையும் விதிக்கப்பட்டது. அப்படியாயின் கண்டி நகரிலும் கொழும்பிலும் காணும் சர்வதேசப் பாடசாலைகள் எப்படி எழுந்தன? அவை கம்பெனிச் சட்டத்தின்கீழ் வியாபாரத் தாபனங்களாகப் பதிவு பெற்றவை. அதாவது, கல்வியை விற்பவன் கடை திறக்கலாம். பத்துக் கமக்காரரும் நான்கு உத்தியோகத்தரும் கூடி, காசு வாங்காமல், தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிக்க ஒரு பள்ளி அமைத்தால் அது சட்டத்துக்கு மாறு! சோஷலிசத்தின் பெயரால் இயற்றிய விதி வியாபாரியைத் தொடாமல் ஏழையின் கையை மட்டும் கட்டியிருக்கிறது. இதனை எதிர்த்து ஒரு கட்சியேனும் வாய்திறந்ததா? பிள்ளைகளை அக்கடைகளுக்கே அனுப்பும் தலைவர்கள் எங்ஙனம் திறப்பர்?

எனவே நண்பர்கள் கருதும் பள்ளி இப்போதைக்கு அரசாங்கப் பாடசாலையின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. பிள்ளைகள் வழக்கம்போல் அங்கு செல்வர். சனிக்கிழமைகளிலும் நீண்ட விடுமுறைகளிலும் இங்கு வருவர். பதினாறு வயது தாண்டி, பாடசாலையை விட்டு, கொழும்பிலே கடைச் சிப்பந்திகளாகவும் வீட்டு வேலையாட்களாகவும் கரைந்துபோகும் இளைஞருக்குக் கிழமை நாட்களிலும் கதவு திறந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றும் வழி சட்டத்திலேயே உண்டு. விரும்புவோர்க்கு அதற்கும் உதவி கிடைக்கும், விரும்பாதவரை எவரும் துரத்தார்.

இவ்விடத்தில் எம் யாழ்ப்பாணத்து வைத்திய நண்பர் சொன்ன மறுப்பை மறைக்காது கூறுதல் கடன். "வயலும் வணிகமும் அரசியற் பலமும் இல்லாத சிறுபான்மைக்குச் சான்றிதழ் ஒன்றே கேடயம். 1971இல் தரப்படுத்தல் வந்தபோது நம் இளைஞர் எப்படித் துடித்தனர் என்பதை மறந்தீரா? பரீட்சையை இகழ்வது பணக்காரரின் பொழுதுபோக்கு" என்றார். அவர் கூற்றிலே பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி எம்மைச் சுடுகிறது. டால்ஸ்டாய் பிரபு. கலன்பாக் செல்வம் மிக்க கட்டடக் கலைஞர். 1901இல் பார்சலோனாவில் நவீனப் பள்ளி நிறுவிய பிரான்சிஸ்கோ பெரெர், மாணவியாயிருந்த ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டே அதனை நடத்தினார். ஏ. எஸ். நீல் 1921இல் தொடங்கி, பின் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற சமர்ஹில் இன்றும் பிள்ளைகளின் சபையால் நடக்கிறது. ஆனால் கட்டணம் செலுத்தவல்லவர் பிள்ளைகளே அங்கு பெரும்பாலும் சேர்கின்றனர். பிறர் காசில் மலர்ந்த தோட்டங்களைக் காட்டி, கூலிக்கு அல்லற்படும் தாயிடம் "உன் பிள்ளைக்குப் பரீட்சை வேண்டாம்" என்று சொல்ல எமக்கு வாயில்லை. சொல்லவும் மாட்டோம்.

ஆனால் மற்றப் பாதி? தரப்படுத்தல் நமக்கு உணர்த்தியது எதனை? நம் கேடயத்தின் பிடி அரசாங்கத்தின் கையில் இருந்தது என்பதனையன்றோ! புள்ளி வாங்கவும் மேலதிகாரிக்கு மனுவெழுதவும் நன்கு கற்றோம். மனு கிழிக்கப்பட்டால் அயலவரோடு கூடி என்செய்வது என்பதனை எந்தப் பாடசாலையும் நமக்குச் சொல்லித்தரவில்லை. கூட்டம் நடத்தவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டவும், தலைவன் தவறினால் அஞ்சாது எழுந்து நிற்கவும் பழகிய இளைஞர் நம்மிடையே மலிந்திருந்தால், பின்வந்த பல அழிவுகளில் நம் கைகளாலேயே நாம் தேடிக்கொண்ட பங்கேனும் குறைந்திருக்கும். தலைவனைக் கேள்வி கேட்பவன் துரோகி என்ற பாடத்தை நம் பிள்ளைகள் முதலிற் கற்றது அரசியல் மேடையிலா? வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட வகுப்பறையிலேதான்.

பெரெரைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஏழையும் செல்வரும், ஆணும் பெண்ணும் ஒன்றாய் இருந்து, பரிசும் தண்டனையும் இன்றிப் பயின்ற பள்ளி அவருடையது. ஸ்பானிய அரசு 1906இல் அதனை மூடியது. 1909 ஒக்டோபர் 13இல் செய்யாத கலகத்துக்குப் பொறுப்பாளி என்று அவரைச் சுட்டுக் கொன்றது. அவருக்குத் தலை வணங்குகின்றோம். எனினும் அவருடைய பாடநூல்களிலே அவருடைய கொள்கை சற்று மிகுதியாகவே புகுத்தப்பட்டிருந்தது. பாதிரியார் இருந்த பீடத்தில் பகுத்தறிவாளர் ஏறி உட்கார்ந்தால் பிள்ளைக்கு என்ன இலாபம்? பேராதனைப் பள்ளியில் அரசிலாக் கொள்கை ஒரு பாடமாக இருத்தல் ஆகாது. எங்கள் கட்சிப் பாட்டும் வேண்டாம், பிறர் கட்சிப் பாட்டும் வேண்டாம். பள்ளி நடக்கும் முறையிலே கொள்கை இருந்தால் போதும்.

அம்முறை குறித்து நண்பர்களோடு எமக்கு ஒரு பிணக்கும் உண்டு. எல்லாக் காரியத்திலும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயது ஆசிரியருக்கும் ஒரே வாக்கு என்கின்றனர். பாட்டு, விளையாட்டு, தோட்ட வேலை, சண்டை தீர்த்தல் யாவற்றிலும் அவ்வாறே ஆகுக. மகாவலி பெருக்கெடுக்கும் நாளில் ஆற்றிற் குளிப்பதா என்பதற்கு நாம் வாக்கெடுக்கச் சம்மதியோம்.

கற்பிப்பவர் யார்? இதிலேதான் இப்பத்திரிகை வாசகர்க்கு வேலை இருக்கிறது. கன்னொருவையில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது. அங்கு பணிபுரிவோர் உண்டு. பெரியாஸ்பத்திரியில் வைத்தியர் உண்டு. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரை நாள். சொற்பொழிவு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். இரத்த அழுத்தக் கருவியைப் பிள்ளையின் கையிற் கொடுத்து அதன் பாட்டியின் கையில் கட்டச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைத் தாயிடம் வாங்கிவரச் செய்து, எந்தக் கழிவு எதற்கு என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். தோட்டத்துப் பிள்ளை அறியவேண்டிய கணிதம் அச்சீட்டிலேயே பெரும்பாலும் இருக்கிறது. மலைச்சரிவிலே கரட்டும் லீக்சும் பயிரிடும் கமக்காரர் அரைநாள் வந்து, மண் ஏன் கரைகிறது, விதை எப்படித் தேறுகிறது என்று காட்டினால், பேராசிரியரும் பாயில் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்பதில் அவருக்கு இழிவென்றால் அவர் வராமலிருப்பதே பள்ளிக்கு நன்று.

அயலூர்ச் சிங்கள உழவரின் பிள்ளைகள் வந்தால்? வரவேண்டும். கண்டியிலே 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் சத்யோதயம் என்ற நிலையத்தை நிறுவி, தமிழரும் சிங்களவரும் ஒரே கூரையில் ஒன்றாய் வாழவும் உழைக்கவும் முடியும் என்று, இரு பக்க வெறியரின் ஏச்சையும் தாங்கிக்கொண்டு காட்டினார். அவர் பெருக்கிய முற்றத்தில் நாம் நடக்கத் தயங்குவது ஏன்? பள்ளியில் தமிழ் தமிழாகவே இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மொழி அதனைத் தின்றுவிடாது.

பணம் குறித்து ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிதியை எதிர்பார்த்துத் தொடங்கிய எத்தனையோ திட்டங்கள், நிதி முடிந்த மறுநாளே பெயர்ப்பலகையை மட்டும் விட்டுப் போனதை மலைநாடு நன்கறியும். இப்பள்ளிக்குப் பெயர்ப்பலகையே வேண்டாம் என்பது எமது கருத்து; பலகை இருந்தால் அதைத் திறக்க ஒரு மந்திரி வேண்டும், மந்திரி வந்தால் மாலை வேண்டும், மாலைக்குப் பின் கல்வெட்டு வேண்டும். வன்னியிலிருந்து வரும் ஒரு மூடை நெல், ஒரு மாதச் சனிக்கிழமைகளுக்குப் பிள்ளைகளின் மதியச் சோறாகும். மரம் கொடுப்பவர் மரம் கொடுக்கட்டும். தச்சு தெரிந்தவர் வாங்கு செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். வரவும் செலவும் சுவரில் எழுதப்படும், எழுதுபவர் பிள்ளைகளே.

இடம் பார்க்கும் வேலை நடக்கிறது. கலஹா வீதியோரமாகப் பழைய களஞ்சிய அறை ஒன்று பேச்சில் இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, தரை நன்றாக இருக்கிறது என்று பார்த்து வந்தவர் கூறினர். ஓடு மாற்றத் தெரிந்தோர், தைப் பொங்கலை அடுத்துவரும் முதற் சனிக்கிழமை காலையில் ஏணியோடு வந்து சேரட்டும். இக்கட்டுரையை மறுத்து எழுத விரும்புவோர்க்கும் இப்பத்திரிகையில் இடமுண்டு; ஆனால் முதலில் அந்தச் சனிக்கிழமை வந்து, பிள்ளைகளோடு அரைநாள் ஓடு சுமந்தபின் எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.